சோழமண்டலக் கரையில் புயலறிவிப்பு வரலாறு

முன்னுரை

ஐப்பசியும் கார்த்திகையும் சோழமண்டலக் கரைக்கு மழை தரும் திங்கள்கள். புயல் தரும் திங்கள்களும் அவையே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலவும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக்கடலில் தோன்றும் புயல்களுட் சில, பழவேற்காடு முதல் இராமேசுவரம் வரை பரந்து கிடக்கும் இக்கரைப் பகுதியைத் தாக்கி வருகின்றன. இக்கட்டுரை அப்புயல்களின் வரலாறு அன்று. அவற்றைப் பற்றிய அறிவிப்பின் வரலாறாகும்.

புயலறிவிப்பு அறிவியலார் ஆராய்தற்குரிய பொருளன்றோ, தமிழாய்வாளர்க்கு அதன்கண் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். அறிவித்தல் என்பது சொல்லால் நிகழ்வது. யார் யாருக்குச் சொன்னார், எச்சொல்லால் சொன்னார், கேட்டார் அச்சொல்லுக்கு எப்பொருள் கொண்டார் என்பன மொழியைப் பற்றிய வினாக்களேயாம். இவ்வினாக்களைக் கொண்டு நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகின்றது. இக்கரையில் வானிலையை அளந்தறியும் முயற்சி இருநூறு ஆண்டுகட்கு மேலாக வளர்ந்து வந்துள்ளது. ஆயினும், அறிந்ததை அறிவிக்கும் குறி நெடுங்காலம் கடலை நோக்கியே நின்றது. கரையில் வாழ்ந்தோர்க்கு அவர்தம் மொழியில், அவர்தம் செவிக்கு எட்டுமாறு சொல்லும் முறை மிகப் பிற்காலத்திலேயே தோன்றிற்று. இவ்விடைவெளியின் அளவையும் அதன் விளைவையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் வழக்கும்

'புயல்' என்னும் சொல் இன்று பெருங்காற்றைக் குறிக்கின்றது. பண்டை வழக்கில் அது மேகத்தையும் மழையையும் குறித்தது. திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் இச்சொல் உழவர்க்கு வாழ்வளிக்கும் மழையைச் சுட்டுவதேயன்றி அழிவுக்காற்றைச் சுட்டுவதன்று. கடுங்காற்றைக் குறிக்கச் சூறை, சூறாவளி முதலிய வேறு சொற்கள் இருந்தன. இப்பொருள் மாற்றத்தோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது 'கொண்டல்' என்னும் சொல். அது மேகத்தையும் குறிக்கும், கீழ்காற்றையும் குறிக்கும். இக்கரையில் மழைமுகிலும் பெருங்காற்றும் ஒரே பருவத்தில் ஒரே திசையிலிருந்து வருகின்றன. ஆதலின், முகிலின் பெயர் காற்றுக்கு ஆகிவந்தமை இயற்கையே என்று கருத இடமுண்டு.

வடகாற்றை வாடை என்றும், கீழ்காற்றைக் கொண்டல் என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும் நூல்கள் வழங்குகின்றன. இவற்றுள் வாடையும் கொண்டலும் கடற்கரை மக்களின் நாவில் இன்றும் உயிருடன் உள்ளன. தென்காற்றைச் சோழகம் என்றும், மேல்காற்றைக் கச்சான் என்றும் அவர்கள் வழங்குதல் காணலாம். இப்பெயர்கள் வெறும் பெயர்களல்ல. எக்காற்றில் கடலுக்குச் செல்லலாம், எக்காற்றில் மரத்தைக் கரையேற்றிக் கட்ட வேண்டும் என்னும் தொழிலறிவு அவற்றுள் அடங்கியுள்ளது. கருவிகள் தோன்றுமுன் இக்கரையில் இருந்த வானிலைக் கண்காணிப்பு இதுவே. எனினும் இவ்வறிவுக்கு ஓர் எல்லை உண்டு. காற்றும் அலையும் கண்ணுக்கும் உடலுக்கும் எட்டிய பின்னரே அது பேசும். நூற்றுக்கணக்கான கல் தொலைவில், அந்தமான் கடற்பகுதியில் உருவாகும் சுழலை அது முன்னரே காட்டவல்லதன்று.

கரையிலிருந்து குறி காட்டும் வழக்கமும் தமிழகத்திற்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் கலங்கரை விளக்கத்தைக் குறிக்கின்றது. பெரும்பாணாற்றுப்படையும், கலங்களுக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய விளக்கைக் கூறுகின்றது. அவ்விளக்கு கடலில் உள்ளார்க்குக் கரையைக் காட்டியது. கரையில் உள்ளார்க்குக் கடலின் சீற்றத்தை முன்னறிவிக்கும் குறி எதுவும் அந்நூல்களிற் காணப்படவில்லை. காவிரிப்பூம்பட்டினம் கடல்கொண்ட செய்தியைக் கூறும் மணிமேகலை, இந்திரவிழா செய்யாது விடுத்தமையால் நேர்ந்த சாபத்தை அதற்குக் காரணமாகக் காட்டுகின்றது. கடற்பெருக்கு அறியத்தக்கது, அறிந்து விலகத்தக்கது என்னும் எண்ணம் தோன்றுதற்குக் கருவியும் தந்தியும் வேண்டியிருந்தன.

2. அளத்தலின் தொடக்கம்

1786இல் வில்லியம் பெட்ரி என்பார் எழும்பூரில் தம் இல்லத்தில் ஒரு வானாய்வகம் அமைத்தார். அது கும்பினியாரின் உடைமையாகி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் பெற்றது. கருவியைத் தாங்குதற்கு அங்கு நிறுவிய கருங்கல் தூணில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டு உள்ளது. 1796 முதல் அங்கு வானிலை அளவுகள் முறையாகக் குறிக்கப்பட்டன. இன்றும் அதே வளாகத்தில்தான் மண்டல வானிலை ஆய்வு மையம் இயங்கி வருகின்றது. தூணில் தமிழ் இடம்பெற்றது. ஆனால் அத்தூணின் அருகே நாள்தோறும் குறித்த அளவுகள் தமிழில் எவர்க்கும் சொல்லப்பட்டில. அவை வானநூலார்க்கும் கப்பலார்க்கும் உரியனவாக இருந்தன.

புயலின் இயல்பை விளக்கும் முயற்சி வங்கக்கடலின் வடகரையில், கல்கத்தாவில் நிகழ்ந்தது. அங்கிருந்த ஹென்றி பிடிங்டன் என்பார் கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, புயற்காற்று நேர்கோட்டில் வீசுவதன்று, ஒரு நடுவத்தைச் சுற்றிச் சுழல்வது என்று விளக்கினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்னும் பெயரை 1848இல் வெளியான தம் நூலில் அவர் வழங்கினார். மாட்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசு திட்டமிட்டபோது, புயலால் எழும் பேரலை அதனை அழித்துவிடும் என்று 1853இல் டல்ஹௌசிப் பிரபுவுக்குத் திறந்த மடல் ஒன்றும் எழுதினார். அவருரை கேட்கப்படவில்லை. துறைமுகம் எழுந்தது, 1867ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. அறிதல் வேறு, அறிந்ததைக் கேட்பித்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. இரு புயல்களும் துறைமுகக் குறிகளும்

1864ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஊக்ளி ஆற்றில் பேரலை புகுந்து, பல்லாயிரவர் மாண்டனர். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நொறுங்கின. ஒரு திங்கள்கூட நிரம்புமுன், நவம்பர் 1ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த மசூலிப்பட்டினத்தைக் கடல் கொண்டது. அங்கு மாண்டோர் ஏறத்தாழ 30,000 பேர் என்பர்.

இவற்றைத் தொடர்ந்து 1865இல் கல்கத்தாத் துறைமுகத்திற்குப் புயலறிவிப்பு முறை ஏற்பட்டது. இந்திய வானிலை ஆய்வுத்துறை தோன்றியது 1875இல். எனவே, துறை தோன்றுதற்குப் பத்தாண்டு முன்னரே புயலறிவிப்புத் தோன்றிவிட்டது. பின்னர் இம்முறை பிற துறைமுகங்கட்கும் விரிந்தது. அவ்விரு புயல்களில் மாண்டோருட் பெரும்பாலோர் கரையூர் மக்கள். ஆயின், அவற்றின் பின் எழுந்த அறிவிப்பு முறையோ துறைமுகத்திற்கும் கப்பலுக்கும் உரியதாயிற்று. வாணிகத்தைக் காக்கும் நோக்கம் முன்னின்ற காலத்தில் இது வியப்பன்று. எனினும், அன்று அமைந்த அடிப்படை பின்னர் நூறாண்டு நிலைத்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

4. கூண்டும் அதன் எண்களும்

துறைமுகத்தின் உயர்ந்த கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகிய வடிவங்களையும், இரவில் செந்நிற வெண்ணிற விளக்குகளையும் ஏற்றிக் காட்டுதலே இக்குறி முறை. இவ்வடிவங்களைத் தமிழ் மக்கள் 'கூண்டு' என்றனர். செய்தித்தாள்களும் வானொலியும் 'புயல் எச்சரிக்கைக் கூண்டு' என்றே வழங்குகின்றன. பொருளைக் கண்டார், தாம் அறிந்த பொருளோடு ஒப்பிட்டு இட்ட இப்பெயர் இயல்பான ஆக்கமாகும். வடிவத்துக்குப் பெயர் கிடைத்தது; அதன் பொருள்தான் ஊர்க்குள் வந்து சேரவில்லை.

குறிகள் 11. முதலிரண்டும் தொலைவில் உள்ள தாழ்வையும் புயலையும் பற்றியன. புறப்படும் கப்பல்களுக்கு உரியன. மூன்றாவதும் நான்காவதும் அத்துறைமுகத்திற்கே தீங்கு வரக்கூடும் என்று எச்சரிப்பன. 5, 6, 7 ஆகிய மூன்றும் இடர்க் குறிகள். 8, 9, 10 ஆகிய மூன்றும் கடும்புயலைப் பற்றிய பேரிடர்க் குறிகள். எண் ஏற ஏற இடர் ஏறும் என்றே மக்கள் கொள்கின்றனர். உண்மை அவ்வாறன்று. 5, 6, 7 என்பன ஒரே நிலையைச் சார்ந்தவை. புயல் செல்லும் வழிக்குத் துறைமுகம் இடப்புறத்தில் அமையுமாயின் 5. வலப்புறத்தில் அமையுமாயின் 6. புயல் துறைமுகத்தின் மேலேயோ அருகிலோ கடக்குமாயின் 7. 8, 9, 10 என்பனவும் இவ்வாறே.

இடம், வலம் என்னும் இவ்வேறுபாடு கப்பலோட்டிக்கு மட்டும் உரியதென்று தள்ளத்தக்கதன்று. நில நடுக்கோட்டுக்கு வடக்கே புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. எனவே, கிழக்கிலிருந்து வந்து இக்கரையைக் கடக்கும் புயலுக்கு வலப்புறமாகிய வடபகுதியில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும்; கடல்நீரை வாரிக் கரையின்மேல் ஏற்றும். இடப்புறமாகிய தென்பகுதியில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மக்களை மாய்ப்பதிற் காற்றினும் கொடியது இந்நீரேற்றமே. ஆகவே, 5ஆம் எண்ணுக்கும் 6ஆம் எண்ணுக்கும் இடையே உள்ளது அளவு வேறுபாடன்று; கடல் ஊர்க்குள் வருமா வாராதா என்னும் வேறுபாடாகும். குடிசையில் இருப்பார் அறிய வேண்டியது இதுவே. அவர்க்கு எட்டியதோ எண் மட்டும்.

இறுதிக் குறியாகிய 11 இன்னும் சிந்திக்கத்தக்கது. எண்களில் உயர்ந்தமையின் அதுவே எல்லாவற்றினும் கொடிய புயலைக் குறிக்கும் என்று எண்ணுவோர் உண்டு. வானிலை மையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது, இடர் வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகின்றார் என்பதே அதன் பொருள். இம்முறையை வகுத்தோர் செய்தி அறுந்துபோதலையும் ஓர் இடராகவே எண்ணினர்; அதற்கும் ஒரு குறி வைத்தனர். ஆனால் துறைமுகமில்லாத ஊர்களுக்கு அந்நாளில் இத்தகைய குறி இல்லை. அவ்வூர்கள் எப்பொழுதும் செய்தி அறுந்த நிலையிலேயே இருந்தன என்று கூறின் அது மிகையாகாது.

5. 1952 முதல் 1977 வரை

1945இல் சென்னையில் மண்டல வானிலை மையம் ஏற்பட்டது. விடுதலைக்குப் பின் வானொலி பரவியது. ஆயினும் இக்கரை அடுத்தடுத்துப் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. 1952 நவம்பர் 30ஆம் நாள் நாகப்பட்டினம் பகுதியைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். 1955 டிசம்பரில் தஞ்சை மாவட்டம் மீண்டும் தாக்குண்டது.

1964 டிசம்பர் 22, 23ஆம் நாள்களில் நிகழ்ந்த தனுஷ்கோடி அழிவு இவ்வரிசையில் தனித்து நிற்பது. டிசம்பர் 17ஆம் நாளளவில் அந்தமான் கடலின் தென்பகுதியில் தோன்றிய தாழ்வு புயலாகி, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, பாக் நீரிணையில் நுழைந்தது. அவ்விடம் ஆழங்குறைந்த கடல். காற்று உந்தும் நீர் கீழே இறங்கி ஓட இடமின்மையின் மேலெழுந்து கரையேறும். 22ஆம் நாள் இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணியர் தொடர்வண்டியை அந்நீர் அதிலிருந்தாரோடு வாரிச் சென்றது. பாம்பன் பாலம் சிதைந்தது. செய்தித் தொடர்பு அறுந்தது. புயல் உருவாகி ஐந்து நாள் கழிந்திருந்தும் அன்றிரவு வண்டி புறப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. தனுஷ்கோடி, மக்கள் வாழ்தற்கேற்றதன்று என அரசால் பின்னர் அறிவிக்கப்பட்டது. இடிந்த கோயிலும் நிலையமும் இன்றும் அங்கு உள்ளன.

1977 நவம்பர் 12ஆம் நாள் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 560 பேரும், ஒரு கிழமை கழித்து 19ஆம் நாள் ஆந்திரத்தின் திவிசீமையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 10,000 பேரும் மாண்டனர். 1970இல் விசாகப்பட்டினத்தில் புயல் காணும் ராடார் நிறுவப்பட்டிருந்தது. செயற்கைக்கோள்கள் மேகச் சுழலைப் படம் பிடித்துக் காட்டிய காலம் அது. அறிதலில் குறை குறைந்து வந்தது. அறிவித்தலிலும், அறிவிப்பைக் கேட்டு மக்கள் செயற்படுதற்குரிய ஏற்பாட்டிலும் குறை நின்றது.

6. ஊரை நோக்கிய குரல்

குரல் ஊரை நோக்கித் திரும்பியதற்கு முதற் பெருஞ்சான்று வங்கக்கடலின் வடகரையிற் கிடைக்கின்றது. 1970 நவம்பர் 12ஆம் நாள் அன்றைய கிழக்குப் பாக்கிசுதானைத் தாக்கிய புயலில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1972இல் வங்காளதேசத்தில் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. அவ்வவ்வூர்த் தொண்டர்களே கொடியேற்றியும் ஒலிபெருக்கியில் கூவியும் வீடுவீடாகச் சென்றும் அறிவிப்பர். மக்களைப் புகலிடங்களுக்கு அழைத்துச் செல்வர். அறிவிப்பவர் அண்டை வீட்டார், மொழி ஊர்மொழி என்பதே அதன் வலிமை.

நம் கரையில் 1980களில் இன்சாட் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை நேரே ஊர்களுக்கு அனுப்பும் கருவிகள், முதற்கண் வடதமிழகத்திலும் தென்னாந்திரத்திலும் வைக்கப்பெற்றன. வட்டார மொழியிலேயே குரல் ஒலித்தல் அவற்றின் சிறப்பு. தந்தியும் துறைமுகமும் இடையில் நில்லாமல் ஊர்க்கே சொல் சென்றமை ஒரு மாற்றமாகும்.

அதனினும் ஒருபடி மேற்சென்றது புதுச்சேரிப் பகுதியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அமைத்த ஊரக அறிவு மையங்கள். வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரம் பற்றிய முன்கணிப்பை நாள்தோறும் பெற்று, ஒலிபெருக்கி வழியே மீனவர்க்குத் தமிழில் அறிவித்தனர். இது புயல் வரும் நாளில் மட்டும் பேசும் குரலன்று. நாள்தோறும் பேசிப் பழகிய குரல். இவ்வேறுபாட்டின் பயன் 2004 டிசம்பர் 26ஆம் நாள் தெரிந்தது. அன்று வந்தது புயலன்று, ஆழிப்பேரலை. நல்லவாடு என்னும் ஊரைச் சார்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதனை உடனே அறிவித்தனர். ஏறத்தாழ 3,600 மக்கள் வாழ்ந்த அவ்வூரில் வீடுகள் பல இடிந்தன. மக்கள் உயிர் தப்பினர். எந்த இடருக்கென்று அக்கருவி வைக்கப்பட்டதோ அது வரவில்லை. வேறோர் இடர் வந்தது. ஆயினும் குரல் பயன்பட்டது, ஏனெனில் செவிகள் அதற்குப் பழகியிருந்தன.

7. அண்மைக் காலப் படிப்பினை

2017ஆம் ஆண்டு ஒக்கிப் புயல், குறையின் மற்றொரு முகத்தைக் காட்டிற்று. நவம்பர் 29ஆம் நாள் தாழ்வு நிலையாக இருந்தது, மறுநாளே கன்னியாகுமரியை அடுத்த கடலிற் புயலாயிற்று. தூத்தூர் முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்னரே கடல் சென்றவர்கள். கரையில் ஏற்றிய கூண்டும் ஊரில் ஒலித்த ஒலிபெருக்கியும் அவர்க்கு எட்டவில்லை, பலர் மீளவில்லை. பண்டு கடலுக்குச் சென்ற செய்தி ஊர்க்கு வரவில்லை. இங்கு ஊர்க்கு வந்த செய்தி கடலுக்குச் செல்லவில்லை. பின்னர், 2019இல், ஆழ்கடலிலும் செய்தி பெறத்தக்க செயற்கைக்கோள்வழிக் கருவி அறிமுகமாயிற்று.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலை கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. 1952லும் 1977லும் தாக்குண்ட அதே பகுதி. இம்முறை எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னரே முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தென்னந்தோப்புகள் அழிந்து வாழ்க்கை குலைந்தது உண்மை, உயிரிழப்பும் நேர்ந்தது. ஆயினும் மாண்டோர் தொகை 1977ஐ நோக்க மிகக் குறைவு. மூன்று புயல்களின் வன்மையும் ஒன்றல்ல. ஆதலின் எண்களை மட்டும் ஒப்பிட்டு முடிவு கூறுதல் முறையாகாது. எனினும், மக்கள் முன்னரே அகன்றிருந்தமை இழப்பைக் குறைத்தது என்பதில் ஐயமில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, இக்கரையின் புயலறிவிப்பு முறை கப்பலுக்கென்று வகுக்கப்பட்டது. அதன் எண்கள் ஊரார்க்கு விளக்கப்படாமலே ஊரில் வழங்கலாயின. இரண்டாவது, அறிவு வளர்ந்த விரைவில் அறிவிப்பு வளரவில்லை. பேரிழப்புகளுட் பல இவ்விடைவெளியில் நிகழ்ந்தவை. மூன்றாவது, நாள்தோறும் ஊர்மொழியிற் பேசும் குரலே இடர் நாளில் நம்பப்படுகின்றது.

இவற்றுள் முதலாவதைத் திருத்தும் பணியில் தமிழ்த் துறைகட்குப் பங்குண்டு. எண்ணைச் சொல்வதோடு அமையாமல், காற்று எத்திசையிலிருந்து வீசும், நீர் ஊர்க்குள் ஏறுமா, எவ்வளவு பொழுது உள்ளது, எங்குச் செல்ல வேண்டும் என்பவற்றைக் கரையூர் வழக்கிலேயே சொல்லுதல் வேண்டும். அதற்குக் கொண்டல், வாடை, கச்சான், சோழகம் முதலிய காற்றுப்பெயர்களும், நீரோட்டம், அலை, முகில் பற்றிய சொற்களும் ஊர்தோறும் எப்பொருளில் வழங்குகின்றன என்று திரட்டப்பட வேண்டும். ஒரே சொல் ஓரூரில் ஒரு திசையையும் அடுத்த ஊரில் வேறு திசையையும் குறிக்குமாயின், அவ்வேறுபாட்டை அறியாத அறிவிப்பு தீங்கு செய்யும். முதுகலை மாணவர்கள் களப்பணியாக மேற்கொள்ளத்தக்க ஆய்வு இது. எந்திரப் படகுகள் பெருகிய இந்நாளில் அச்சொற்களை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர், ஆதலின் காலந்தாழ்த்தலாகாது.

முன்பு ஊர்களில் தண்டோரா போட்டு அறிவித்தனர். ஒரு சாராரை இழிதொழிலிற் கட்டிவைத்த அவ்வழக்கத்தை விலக்குமாறு தமிழ்நாட்டரசு 2022இல் பணித்தது; அது தக்கதே. வழக்கம் ஒழிய வேண்டும், அதன் வேலை ஒழியலாகாது. ஊர் முழுதும் ஒரே வேளையில் கேட்கும் சொல் ஒன்று என்றும் வேண்டும். வடஇந்தியப் பெருங்கடற் புயல்களுக்கு இடுதற்கென 2020இல் வெளியான பட்டியலில் இந்தியா அளித்த பெயர்களுள் 'முரசு' என்னும் தமிழ்ச்சொல்லும் ஒன்று. அப்பெயர் புயலுக்கு ஆகுமுன், புயலை அறிவிக்கும் முரசு இக்கரையின் ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் முடிவாகும்.